ரீயூனியன் தீவின் எரிமலைப் பூங்கா: போய்ச் சேரவும் சுற்றிப் பார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், மொரீஷியசுக்குத் தென்மேற்கே கிடக்கும் ரீயூனியன் முழுக்க முழுக்க எரிமலைகளால் உருவான தீவு. 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் இரண்டு பெரும் எரிமலைகள் உள்ளன. 3,070 மீட்டர் உயரமுள்ள பிதோன் தே நேஜ் நெடுங்காலத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிதோன் த லா ஃபூர்னேஸ் உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளுள் ஒன்று. இவ்விரண்டையும் உள்ளடக்கி 2007-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவின் மையப் பகுதி தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 42 விழுக்காட்டைக் கொண்டது. அதன் சிகரங்களும் செங்குத்துச் சுவர்களும் பள்ளங்களும் 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இந்தப் பூங்காவுக்கு வாயிலும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. நகரங்களெல்லாம் கடற்கரையோரம் வளையம்போல் அமைந்திருக்க, நடுவிலுள்ள மலைநாடு முழுவதும் பூங்காவாக இருக்கிறது. வளையத்திலிருந்து மலைக்குள் ஏறும் சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பெரும்பாலானவை ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குக் காரில் போக வேண்டுமானால் மறுபடியும் கடற்கரைக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். அதோடு, காலை பத்து மணியளவில் மேகம் ஏறிவந்து மலையை மூடிக்கொள்வது இங்கே அன்றாட வழக்கம். மேற்குக் கடற்கரை விடுதியில் தங்கி, காலை உணவை முடித்து, நிதானமாகப் புறப்பட்டு எரிமலையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் புகைமூட்டத்தைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது: எந்த மலையைப் பார்க்க வேண்டுமோ, முந்தைய இரவு அந்த மலையின் மேலேயே தங்க வேண்டும்.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே முதல் நவம்பர் வரை குளிர்ந்த, வறண்ட பருவம். நடைப்பயணத்துக்கு ஏற்றதும் அதுவே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் புயலும் கலந்த பருவம். இந்தப் பருவத்து மழையைத் தமிழ்நாட்டு மழையோடு ஒப்பிட்டு எடைபோட்டுவிடக் கூடாது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது, ஃபூர்னேஸ் எரிமலைக்குச் செல்லும் சாலையோரத்திலுள்ள கொமர்சோன் பள்ளத்தில் மூன்றே நாட்களில் ஏறத்தாழ 3,930 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இது உலகச் சாதனை. சென்னையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பெய்யக்கூடிய மழை அது. புயல் எச்சரிக்கை சிவப்பு நிலையை எட்டினால் எவரும் வெளியே நடமாடக் கூடாது. ஊதா என்பது அதற்கும் மேலான நிலை. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது ஊதா எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் தீவைத் தாக்கியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பயணம் வைத்துக்கொள்வோர் திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களையாவது வெறுமையாக விட்டுவைப்பது நல்லது.

கிழக்குப் பக்கம் காற்றை நேரே எதிர்கொள்வதால் ஆண்டு முழுவதும் ஈரமாகவும், மேற்குப் பக்கம் மலையின் மறைவில் இருப்பதால் வறண்டும் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எரிமலை விளிம்பில் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்குவதுண்டு. வெப்பமண்டலத் தீவு என்ற எண்ணத்தில் பருத்திச் சட்டைகளோடு மட்டும் வருகிறவர்கள் அந்தக் குளிரில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இரண்டாம் படி: அனுமதியும் விமானமும்

ரீயூனியன் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம், நாணயம் யூரோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் அது அடங்காது. இந்த ஒரு நுணுக்கத்தைக் கவனிக்காமல் விமானச் சீட்டு எடுப்பது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். சாதாரண ஷெங்கன் விசா மட்டும் வைத்திருப்பது போதாது. பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சேருமிடம் ரீயூனியன் என்று குறிப்பிட்டு, அதற்குச் செல்லுபடியாகும் விசாவைப் பெற வேண்டும். பாரிசிலும் சில நாட்கள் தங்கப் போகிறவர்கள் இரண்டு பகுதிகளுக்கும் அனுமதி தேவை என்பதை விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள புதுச்சேரித் தமிழர்களுக்கும் ஈழத்தமிழர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம்.

பன்னாட்டு விமான நிலையம் தலைநகர் சான் தெனிக்கு அருகே சான்த் மரியில் உள்ள ரோலான் காரோஸ். பாரிசிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறத்தாழ பதினொரு மணி நேரம். பெரும்பாலும் இரவு விமானம். சென்னைக்கும் ரீயூனியனுக்கும் இடையே ஏர் ஆஸ்ட்ரல் நிறுவனம் நேரடி விமானங்களை இயக்கியதுண்டு. நீங்கள் போகும் மாதத்தில் அச்சேவை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மொரீஷியஸ் வழியே போவதுதான் எளிது. அங்கிருந்து ரீயூனியனுக்கு முக்கால் மணி நேரப் பறத்தல். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மொரீஷியசுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டு தீவுகளையும் சேர்த்துத் திட்டமிடுவோர் பலர். தெற்கில் சான் பியேருக்கு அருகே பியேர்ஃபோன் என்ற சிறிய விமான நிலையமும் உண்டு. மொரீஷியசிலிருந்து அங்கே இறங்கும் சேவை கிடைத்தால் எரிமலைக்குப் போகும் தூரம் பாதியாகிவிடும்.

மூன்றாம் படி: காரா, பேருந்தா?

எரிமலையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் கார் வேண்டும். பூர் மூரா ஊர்வரை பேருந்து உண்டு; அங்கிருந்து எரிமலை விளிம்புவரை பொதுப் போக்குவரத்து கிடையாது. கார் எடுக்க இயலாதவர்கள் விடியற்காலையில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளோடு சேர்ந்துகொள்ளலாம்.

வாடகைக் காருக்கு உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது நமக்குப் பழக்கமில்லாதது. சமவெளியில் அரை மணியில் கைவந்துவிடும். மலைக் கொண்டையூசி வளைவில் எதிரே பேருந்து வரும்போது மட்டும் கை பழைய பக்கத்துக்கே திரும்பப் பார்க்கும். கைமுறை கியர் வண்டிகளே எளிதில் கிடைக்கும். தானியங்கி வேண்டுமானால் முன்பதிவில் குறிப்பிடுங்கள். தார் போடாத பாதையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுவிட வேண்டும், ஏனெனில் எரிமலைக்குப் போகும் சாலையின் கடைசிப் பகுதி அப்படிப்பட்டது.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் நேரத்தில் கணக்கிடுங்கள். சான் தெனியிலிருந்து சான் பியேர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம், காலை மாலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேற்குப் பகுதியில் 2009-இல் திறக்கப்பட்ட தமரேன் விரைவுச் சாலை உதவும். வடக்கில், பாறைகள் உருண்டு விழும் குன்றின் அடிவாரத்தில் கிடந்த பழைய கடலோரச் சாலைக்கு மாற்றாக, கடலுக்குள்ளேயே தூண்கள் நட்டு 5.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட பாலம் 2022 முதல் போக்குவரத்துக்கு விடப்பட்டது. அதன்மேல் போகும்போது இடப்புறக் குன்றையும் வலப்புறக் கடலையும் பார்த்தால், இத்தனை செலவு எதற்கு என்ற கேள்வி எழாது.

பேருந்தில் சுற்ற விரும்புவோருக்கு, தீவு முழுதும் ஓடும் மஞ்சள் நிறக் 'கார் ஜோன்' பேருந்துகளும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளூர்ப் பேருந்துகளும் உள்ளன. கடற்கரை நகரங்களுக்கும், சிலாவோஸ், சலாஸி பள்ளத்தாக்குகளுக்கும் இவற்றில் போகலாம். கட்டணம் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளும் குறைவு. நிறுத்தத்தில் இறங்க வேண்டுமானால் இங்கே பயணிகள் கைதட்டுவார்கள். இரண்டு தட்டு சத்தமாகத் தட்டினால் ஓட்டுநர் நிறுத்திவிடுவார். முதல் நாள் கூச்சமாக இருக்கும்.

நான்காம் படி: ஃபூர்னேஸ் எரிமலை

இதற்குத் தங்க வேண்டிய இடம் பிளேன் தே காஃப்ர் மேட்டுநிலம், குறிப்பாகப் பூர் மூரா. சான் பியேரிலிருந்து லெ தம்போன் வழியாக ஏறும் தேசிய நெடுஞ்சாலை 3-இல், 1,500 மீட்டருக்கு மேலான உயரத்தில், மாடுகள் மேயும் பச்சைப் புல்வெளிகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. வந்து சேரும் நாள் பிற்பகலை அங்குள்ள எரிமலை அருங்காட்சியகத்தில் செலவிடுங்கள். மறுநாள் காலடியில் கிடக்கப் போகும் பாறைகள் எப்படி உருவாயின என்பது விளங்கும். 1977-இல் கிழக்குக் கடற்கரையின் பிதோன் சான்த் ரோஸ் ஊருக்குள் எரிமலைக் குழம்பு புகுந்த பிறகு, 1979-இல் நிறுவப்பட்ட எரிமலை ஆய்வகமும் பூர் மூராவில்தான் இருக்கிறது. வண்டிக்கு எரிபொருளையும், கைக்குத் தண்ணீரையும் உணவையும் இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் பெட்ரோல் நிலையம் இல்லை.

மறுநாள் சூரியன் எழுமுன் புறப்படுங்கள். வனச்சாலை ஏறத் தொடங்கியதும் முதலில் நே த பஃப் என்ற காட்சிமுனை வரும். வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தால், ரம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கு செங்குத்தாக வெட்டியதுபோல் கீழே விழுகிறது. அதன் அடியில் ஒரு சிற்றூரின் கூரைகள் தெரியும். அதற்கு மேல் புல்வெளி குறைந்து புதர் தொடங்கி, புதரும் முடிந்து, ஒரு வளைவில் திரும்பியவுடன் பிளேன் தே சாப்ள் விரிகிறது. செந்நிறமும் சாம்பல் நிறமும் கலந்த எரிமலைச் சரளைப் பாலைவனம் அது; மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சாலை அந்தப் பாலைவனத்துக்குள் இறங்கி, குழிகள் நிறைந்த மண்பாதையாக அதைக் கடக்கிறது. சக்கரத்தடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். மெதுவாகப் போங்கள்; குழிகளில் தேங்கிய நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது.

பாதை முடியும் இடம் பா த பெல்கோம்ப் – ஜக்கோப், 2,311 மீட்டர். 18-ஆம் நூற்றாண்டில் ஆளுநர் பெல்கோம்ப் எரிமலையைக் காண வந்தபோது கீழே இறங்கும் வழியைக் கண்டுபிடித்தவர் ஜக்கோப் என்ற அடிமை. ஆளுநரின் பெயர் மட்டுமே நெடுங்காலம் வழங்கி வந்த இடத்துக்குப் பின்னாளில்தான் ஜக்கோபின் பெயரும் சேர்க்கப்பட்டது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் விளிம்பு வந்துவிடும். கீழே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் அகலத்தில், கிழக்கே கடலை நோக்கித் திறந்த குதிரைலாட வடிவில் ஆன்க்ளோ ஃபூக்கே என்ற பெரும்பள்ளம் கிடக்கிறது. அதன் நடுவில் எரிமலைக் கூம்பு எழுந்து நிற்கிறது. நடக்க இயலாத முதியோர் இந்தக் காட்சியோடு திரும்பினாலும் வந்த பயணம் வீணில்லை.

நடக்கக்கூடியவர்கள் பாறைச் சுவரில் அமைந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் இறங்க வேண்டும். இறங்கியதும் ஃபோர்மிக்கா லேயோ என்ற சிறிய செந்நிறக் கூம்பு. சிறு பிள்ளைகளோடு வருவோருக்கு அதுவே போதுமான இலக்கு. அதைத் தாண்டி, கவிழ்த்த குமிழிபோல் உறைந்த ரோஸ்மோன் 'தேவாலயம்' என்னும் குழம்புக்குகை. அதன்பின் பாதை கூம்பின்மேல் ஏறி, தொலோமியே பெருவாயைப் பார்க்கும் முனையில் முடிகிறது. போகவர ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். 2007 ஏப்ரலில் நடந்த பெருவெடிப்பின்போது, அடியிலிருந்த குழம்பு வெளியேறிவிட்டதால் இந்தப் பெருவாயின் தளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது. அதனால்தான் பாதை விளிம்புக்குச் சற்று முன்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. கயிற்றைத் தாண்டிப் போய்ப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அந்த விளிம்பு எப்போது வேண்டுமானாலும் உதிரக்கூடியது.

பாதை என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. உறைந்த குழம்பின்மேல் சில அடிகளுக்கு ஒன்றாகப் பூசிய வெள்ளைப் பூச்சுப் புள்ளிகளே வழிகாட்டி. ஒரு புள்ளியில் நின்று அடுத்ததைக் கண்டபின்தான் காலெடுத்து வைக்க வேண்டும். குழம்பு ஓரிடத்தில் முறுக்கிய கயிறுபோல் வழவழப்பாகவும், மற்றோரிடத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாகவும் கிடக்கும். விழுந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். கணுக்காலைப் பிடித்து நிற்கும் காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், தொப்பி, மழைச்சட்டை ஆகிய நான்கையும் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. வழியில் நிழல் கிடையாது. மூடுபனி இறங்கினால் அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அப்போது குறுக்கு வழி தேடாமல், கடைசியாகக் கண்ட புள்ளியருகே நின்று பனி விலகக் காத்திருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தில் மாண்டவர்களில் பலர் வழி தவறியவர்களே. உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஐந்தாம் படி: எரிமலை விழித்துக்கொண்டால்

17-ஆம் நூற்றாண்டு முதல் இந்த எரிமலை 150 முறைக்கு மேல் வெடித்ததாகப் பதிவு உள்ளது. அண்மைக் காலங்களில் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெடித்து வருகிறது. எனவே நீங்கள் இருக்கும் வாரத்திலேயே வெடிப்பு நிகழ்வது அரிய தற்செயல் ஆகாது. தரை அதிர்வுகளையும் மலை வீங்குவதையும் ஆய்வகம் இரவுபகலாகக் கவனிக்கிறது. வெடிப்பு நெருங்குவதாகத் தெரிந்தவுடன் மாவட்ட ஆட்சியகம் எச்சரிக்கையை உயர்த்தி, படிகளின் தலைப்பிலுள்ள இரும்புக் கதவைப் பூட்டிவிடும். பூட்டியபின் உள்ளே இறங்குவது குற்றம். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுவது வழக்கமாக இருக்கட்டும். விடுதிக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார், இங்கே அது வானிலைபோல் அன்றாடப் பேச்சு.

வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆளில்லாத அந்தப் பெரும்பள்ளத்துக்குள்ளேயே நிகழ்வதால், உள்ளூர் மக்கள் அஞ்சி ஓடுவதற்கு மாறாக இரவுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். குழம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துப் பார்க்கும் இடம் மாறும். பள்ளத்தின் தெற்கு விளிம்பில் உள்ள பிதோன் த பேர் முனை பல வெடிப்புகளில் நல்ல காட்சி தந்திருக்கிறது. பிளேன் தே சாப்ள் ஓரத்தில் வண்டியை விட்டு, விளிம்பு வழியே நடந்து சேரலாம். தலைவிளக்கும் கனத்த மேலாடையும் கட்டாயம். முதல் இரண்டு இரவுகளில் வனச்சாலையில் வண்டிகள் பல கிலோமீட்டருக்கு நின்றுவிடும். நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு விடியும்வரை இருந்தால் கூட்டத்தைத் தவிர்க்கலாம். செந்நிறக் குழம்பு இருட்டில் தெரிவதுபோல் பகலில் தெரிவதும் இல்லை.

ஆறாம் படி: குழம்புச் சாலை

எரிமலையின் மறுபக்கத்தைக் காண மழை அனுமதித்தால் ஒரு நாளைத் தென்கிழக்குக் கடற்கரைக்குத் தாருங்கள். சான் ஃபிலிப்புக்கும் சான்த் ரோசுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 2, கடல்வரை ஓடி உறைந்த குழம்பின் மேலேயே போகிறது. சாலையோரப் பலகைகளில் ஒவ்வொரு குழம்பும் ஓடிய ஆண்டு எழுதியிருக்கும். பழைய குழம்பின்மேல் காடு வளர்ந்திருக்க, சற்றுப் புதியதில் பெரணிச்செடிகள் மட்டும் தலைகாட்ட, 2007-இல் ஓடியதில் கருமை இன்னும் மிஞ்சியிருப்பதை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அந்த ஆண்டுக் குழம்பு சாலையைப் பல மீட்டர் உயரத்துக்கு மூடி, கடலுக்குள் புதிய நிலத்தையே சேர்த்தது.

பிதோன் சான்த் ரோஸ் ஊரில், 1977-இல் ஓடிவந்த குழம்பு மாதா கோயிலைச் சூழ்ந்து, வாசற்படியோடு நின்றுபோனது. சுற்றியிருந்த வீடுகள் அழிந்தன. கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. சுவரை ஒட்டி உறைந்த கரும்பாறையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இங்குள்ள குழம்புக் குகைகளுக்குள் வழிகாட்டி இன்றி நுழையாதீர்கள்.

ஏழாம் படி: மூன்று பெரும்பள்ளங்கள்

பிதோன் தே நேஜைச் சுற்றி, மலைச்சுவர்களால் சூழப்பட்ட மூன்று பெரும்பள்ளங்கள் உள்ளன; 'சிர்க்' என்றே எல்லாரும் சொல்வார்கள். சலாஸியும் சிலாவோசும் சாலை உள்ளவை. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது.

சலாஸிக்குக் கிழக்குக் கடற்கரையின் சான் அந்த்ரேயிலிருந்து ஏற வேண்டும். தமிழ் வாசகர்கள் அந்த ஊரை வேகமாகக் கடந்துவிட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள், 'மல்பார்' என்ற பெயரில், இங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். கடைப்பலகைகளில் ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தெரிவார்கள். வீட்டுப்பேச்சு கிரியோல், தமிழில் பேச்சுக் கொடுத்தால் மறுமொழி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் கொலோஸ் கோயிலில் கோபுரமும், தைப்பூசக் காவடியும், பாஞ்சாலிக்கு எடுக்கும் தீமிதியும் நிலைத்திருக்கின்றன. சலாஸிக்குள் நுழைந்தால் பாறைச்சுவர் எங்கும் அருவிகள். சரிவுகளில் சௌசௌக் கொடிப் பந்தல்கள். மரவீடுகளும் பூந்தோட்டங்களும் நிறைந்த எல்பூர் தங்குவதற்கு ஏற்ற ஊர்.

சிலாவோசுக்கு சான் லூயியிலிருந்து 37 கிலோமீட்டர்தான். ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஒற்றை வண்டி மட்டுமே நுழையும் குகைவழிகள் என ஒன்றேகால் மணி நேரமாவது பிடிக்கும். குமட்டல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். குகைவழிக்கு முன் ஒலியெழுப்பி, எதிரே பேருந்து வந்தால் பின்வாங்கி வழிவிட வேண்டும். பருப்புக்கும் பூவேலைத் துணிக்கும் பெயர்போன ஊர் அது.

பிதோன் தே நேஜ் ஏறுவோருக்கும் அதுவே அடிவாரம். லெ பிளோக் என்ற இடத்தில் தொடங்கி, முதல் நாள் 2,479 மீட்டரிலுள்ள துஃபூர் குகை விடுதியில் தங்கி, மறுநாள் விடியுமுன் தலைவிளக்கோடு உச்சிக்கு ஏறுவது வழக்கம். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 1,700 மீட்டர் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டாம் படி: மஃபாத்

எழுநூறு, எண்ணூறு பேர் சிறுசிறு மேட்டு ஊர்களில் வாழும் மஃபாத்துக்கு நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் வானத்திலிருந்துதான் இறங்குகின்றன. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. ஓடிப்போன அடிமைகள் மறைந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு இது.

முதன்முறை போகிறவர்களுக்கு எளிய வழி, சலாஸியின் கிராந்த் இலே ஊருக்கு மேலுள்ள கோல் தே பஃப் கணவாய். அதனருகே கட்டணம் பெற்றுக் காவல் காக்கும் வண்டி நிறுத்தம் உண்டு. இரவு தங்குவோர் அதையே பயன்படுத்த வேண்டும். அங்கிருந்து, வெளிர்பச்சைப் பாசி தொங்கும் தமரேன் மரக்காட்டின் வழியே இரண்டு மணி நேர நடையில் லா நூவெல். மறுநாள் மார்லாவுக்கு நடந்து, தைபித் கணவாய் ஏறிச் சிலாவோசில் இறங்கலாம். அப்படிச் செய்தால் கார் சலாஸியிலேயே நின்றுவிடும், அதை எடுக்கப் பேருந்தில் தீவைப் பாதி சுற்ற வேண்டும். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் காரைத் தவிர்த்துப் பேருந்திலேயே வருவது புத்திசாலித்தனம். நடக்கவே வேண்டாம் என்போர், மேற்கில் 2,190 மீட்டர் உயரத்து மாய்தோ முனையிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். அங்கும் காலை எட்டு மணிக்குள் இருக்க வேண்டும்.

தங்கும் வீடுகளை 'ஜீத்' என்பார்கள். ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பணத்தை ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள், உள்ளே பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. இரவுச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே நீண்ட மேசையில்: சோறு, அவரை அல்லது பருப்புக் குழம்பு, கோழி அல்லது பன்றியிறைச்சிக் கறி, இடித்த மிளகாய்த் துவையல். சைவ உணவு வேண்டுமானால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அன்று மாலை சொன்னால் சோறும் பருப்பும் கீரையும்தான் மிஞ்சும். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. நீங்கள் கொண்டுபோகும் குப்பையை நீங்களே சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும்.

ஒன்பதாம் படி: நாட்களை அடுக்குதல்

ஒரு வாரம் இருந்தால், இறங்கிய நாளே தெற்கே ஓட்டிச் சென்று பூர் மூராவில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் காலை மேகமாக இருந்தால் இரண்டாம் காலை கைகொடுக்கும். அடுத்து குழம்புச் சாலை வழியே கிழக்குக்கு வந்து எல்பூரில் ஓர் இரவு, மஃபாத்தில் ஓர் இரவு. மீதமுள்ள நாட்களில் சிலாவோசையோ மேற்குக் கடற்கரையையோ வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் திணித்தால் காரில்தான் வாழ்வீர்கள். கடலில் இறங்குவோர் எர்மித்தாஜ் போன்ற பவளத்திட்டு காக்கும் ஆழமற்ற கழிகளில் மட்டும் குளிக்க வேண்டும்; பிற இடங்களில் சுறாத் தாக்குதல்கள் நடந்துள்ளன. கொசு விரட்டியைக் கடற்கரைக்கும் எடுத்துச் செல்லுங்கள். 2005–06-இலும் 2025-இலும் சிக்குன்குனியா இத்தீவில் பெருமளவில் பரவியது.

மலைச்சாலைகள் ஒரே இரவு மழையில் மண்சரிந்து மூடிக்கொள்ளக்கூடும். ஆகவே கடைசி இரவை மட்டும் மலையில் வைக்காமல் சான் தெனியிலோ சான்த் மரியிலோ வைத்து, எரிபொருளை நிரப்பி, மறுநாள் காலை நெரிசல் தொடங்குமுன் காரை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.